முதலில் வாய், அப்புறம் கால், பிறகுதான் கை: பறை பழக வருகிறவருக்கு

"வயது 36. ஐடி வேலை, சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளியில் பிரேயர் பாட்டுக்குக்கூட வாயை மட்டும் அசைத்து ஏமாற்றியவன். பொங்கல் விழாவில் பறையாட்டம் பார்த்ததிலிருந்து கை துறுதுறுவென்று இருக்கிறது. இந்த வயதில் வருமா? எந்தப் பறை வாங்குவது? வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா? பறையை வழிவழியாக அடித்துவந்த சமூகத்தில் பிறக்காத நான் இதைத் தொடலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. கடைசிக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நிதானமாக வருகிறேன்.

நான் குச்சி பிடித்தது 31 வயதில். ஒன்பது வருடம் ஆகிறது. பறையை நம்பிப் பிழைக்கிற கலைஞன் இல்லை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. அதனால் ஆரம்பக்காரர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது ஓரளவு தெரியும். நானும் அதே இடங்களில் விழுந்தவன்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: வரும். ஆனால் பறையை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

தாளமே வராது என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரையும் நான் முதலில் வாசல்வரை நடந்து திரும்பி வரச் சொல்வேன். நொண்டாமல் சீராக நடந்து வந்தால் தாளம் இருக்கிறது, அவ்வளவுதான் பரிசோதனை. எங்கள் குழுவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று 60 வயதில் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் சேர்ந்த அதே மாதம் கல்லூரிப் பையன் ஒருவனும் சேர்ந்தான். டிரம்ஸ் வாசிக்கிறவன், கை மின்னல் மாதிரி. வரிசையில் நிற்க முதலில் தேறியது பெரியவர்தான். பையன் கையை நம்பினான். பெரியவருக்குக் கை மேல் நம்பிக்கையே இல்லாததால் சொன்னதை அப்படியே செய்தார்.

சொன்னது என்ன? எங்கள் ஆசான் முதல் மூன்று வகுப்புகளில் யாரையும் பறையைத் தொட விடமாட்டார். வட்டமாக நிற்க வைத்து வாயால் சொல்ல வைப்பார். "தன் தனக்கு, தன் தனக்கு." அரை மணி நேரம். வெட்கமாக இருக்கும், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துச் சிரிப்பு வரும், தொண்டை வறளும். ஒரு "தன் தனக்கு" ஆறு எண்ணிக்கை. அதற்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் "தன்" விழுகிறது. விழுந்து இரண்டு, மூன்று வரைக்கும் அப்படியே நீள்கிறது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றிலும் "த-ன-க்கு". மொத்தம் நான்கே அடி. கைக்கு வரும்போது ஒன்று வலது, நான்கு வலது, ஐந்து இடது, ஆறு வலது. மறுபடி ஒன்று வலது. (சொற்கள் ஆசானுக்கு ஆசான் மாறும். உங்களுக்குச் சொல்லித் தருகிறவர் "டண் டணக்கு" என்றோ வேறு மாதிரியோ சொல்வார். அவர் சொல்வதையே பிடித்துக்கொள்ளுங்கள்.)

தடுக்கும் இடம் அந்த ஆறும் அடுத்த ஒன்றும். வலது கை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்க வேண்டும். அதை நினைத்தே மனசு பதறி, "தன்"னின் வாலை வெட்டிவிடும். மூன்று எண்ணிக்கை நீள வேண்டியது இரண்டிலேயே முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு எண்ணிக்கை போனால், பத்துச் சுற்றில் நீங்கள் வரிசையைவிடப் பத்து எண்ணிக்கை முன்னால் போய்த் தனியாக நிற்பீர்கள். வேகமாக அடிப்பதாக உங்களுக்குப் பெருமையாகக்கூட இருக்கும். பறையில் அடிப்பது கஷ்டமே இல்லை, இரண்டு அடிக்கு நடுவில் சும்மா இருப்பதுதான் கஷ்டம். அதைக் கையால் பழக முடியாது. வாய் "தன்ன்ன்" என்று இழுக்கப் பழகினால்தான் கை காத்திருக்கக் கற்கும்.

வாய்க்கு வந்த பிறகு கால். ஒன்றில் வலது கால், நான்கில் இடது கால். இதை வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம், காலை நடைக்குப் போனால் அங்கேயும் செய்யலாம். வாய் சொல்ல வேண்டும், கால் மிதிக்க வேண்டும், கையை வீசி நடங்கள். பறையாட்டத்தில் அடி வேறு ஆட்டம் வேறு என்று இல்லை. முதலில் வாசிக்கக் கற்று, அப்புறம் ஆடக் கற்று, பிறகு இரண்டையும் ஒட்டலாம் என்று நினைக்கிறவர்கள் ஆறாவது மாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். கால் அசைந்தால் கை நின்றுவிடும், கை ஓடினால் கால் மரத்துவிடும். முதல் நாளிலிருந்தே சேர்ந்து வந்தால் அந்தச் சிக்கலே கிடையாது. அடுத்து பக்கவாட்டில் அடி வைப்பது, குனிந்து நிமிர்வது, உட்கார்ந்து எழுவது, சுற்றுவது என்று போகும். 36 வயதில் மூட்டு கொஞ்சம் முனகும். மண் தரையோ புல்தரையோ இருக்கிற இடத்தில் வகுப்பு நடந்தால் நல்லது. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் குதித்தால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும். சலங்கையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தப்பான காலுக்குச் சலங்கை கட்டினால் ஊருக்கே கேட்கும்.

இப்போது கைக்கு வரலாம். பறைக்கு இரண்டு குச்சி. வலது கையில் குட்டையான தடித்த குச்சி, அடிக்குச்சி. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் இருக்கும், பெரும்பாலும் பூவரசு மரம். இடது கையில் நீளமான, மெல்லிய, வளைந்து கொடுக்கிற மூங்கில் சிம்பு, சுமார் 28 சென்டிமீட்டர். அதைச் சிம்புக்குச்சி என்பார்கள், சுண்டுக்குச்சி என்றும் சொல்வார்கள். பறை வாரில் தொங்கும். இடது கைக்கும் உடம்புக்கும் நடுவில் அதை நிமிர்த்தி அணைத்துப் பிடிக்க வேண்டும். அணைக்கிற அதே இடது கை பறையின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து சிம்பு தோலின் மேல் சாய்வாகக் கிடக்கும். அதாவது இடது கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை: பறை நழுவாமல் பிடிப்பதும் அடிப்பதும். மணிக்கட்டை ஓங்கி வீச இடமில்லை. விரல்களால் சிம்பைக் கொஞ்சம் தூக்கிச் சுண்டிவிட்டால் அதுவே போய்ச் சுள்ளென்று அறையும். சுண்டுக்குச்சி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத் தெரியும்.

இந்த இடது கையைத்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள். வலது கை அடிக்கிற "தன்" வீதி முழுக்கக் கேட்கும், அதிலே மயங்கிச் சிம்பை ஒப்புக்கு ஆட்டுவார்கள். சிம்பு சரியாக விழாவிட்டால் பறை வெறும் தகரடப்பா. அந்தக் கூர்மையான சத்தம்தான் இரண்டு கனத்த அடிக்கு நடுவே தைத்துக்கொண்டு போகிறது. நான் கொடுக்கிற பயிற்சி ஒன்று உண்டு: வாயால் முழு அடியையும் சொல்லுங்கள், கையில் ஐந்தாவது எண்ணிக்கையை மட்டும், அந்த "ன"வை மட்டும், இடது கையால் அடியுங்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தவறாமல் வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வலது கையில் ஒரே ஒரு விஷயம். அடித்தவுடன் குச்சி தோலை விட்டு எழும்ப வேண்டும். அழுத்தி நிறுத்தினால் நாதம் செத்துவிடும். சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, தொட்டதும் எடுப்பது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தால் போதும், மற்ற விரல்கள் சும்மா துணைக்கு. குச்சியை முறுக்கிப் பிடித்தால் இரண்டாவது வாரமே ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வரும். தளர்த்திப் பிடித்தாலும் வரும், ஆனால் நான்காவது வாரம்தான் வரும். இடது தோள் முதல் மாதம் வலிக்கும், அது வாருக்குப் பழகுகிற வலி. மணிக்கட்டில் குத்துகிற வலி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு ஆசானிடம் பிடியைக் காட்டுங்கள். நீங்கள் இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து மாற்றுவது பெரும்பாடு.

பறையை வாங்காதீர்கள் என்றேனே, ஏன் என்றால் மூன்று மாதத்துக்கு முன்னால் நல்ல பறையை உங்களால் அடையாளம் காண முடியாது. கடையில் எல்லாமே சத்தம் போடும். பறையின் கட்டை ஒரே மரத்தில் குடைந்தது இல்லை, வில் மாதிரி வளைந்த மூன்று துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை அடித்து வட்டமாக்கியது. வேப்பமரம் விரும்பப்படுகிறது. விட்டம் சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு முகத்துக்கு மட்டும் மாட்டுத்தோல் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். வாங்கப் போகும்போது அந்த மூன்று இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் தட்டக்கூடாது. பறையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்பக்கமிருந்து தோலைப் பாருங்கள். ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம் என்று இருந்தால் தோலின் தடிமன் சீராக இல்லை என்று அர்த்தம். விளிம்பைச் சுற்றிப் பசை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் பார்ப்பதைவிட, ஆசானையோ குழுவில் மூத்தவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போவது மேல்.

இப்போது பைபர் முகம் போட்ட பறையும் கிடைக்கிறது. மழைக்கு அசையாது, நெருப்பில் காய்ச்ச வேண்டாம். தோல் பறை வாசிக்கிற சிலர் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த வீம்பு இல்லை. அடுக்குமாடி வீட்டில் நெருப்பு மூட்ட முடியாத உங்களுக்குச் சொந்தப் பயிற்சிக்கு அது பரவாயில்லை. ஆனால் அதன் சத்தத்தில் கூர்மை மட்டும்தான் இருக்கும், அடிவயிற்றில் போய் இறங்குகிற அந்தக் கனம் இருக்காது. காதைத் தோல் பறைக்கே பழக்குங்கள். வகுப்பில் தோல் பறை, வீட்டில் பைபர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சுவது தனிக் கலை. தோல் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும், சென்னைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். ஆட்டத்துக்கு முன்னால் மண்டபத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். காய்ந்த தென்னோலை, வைக்கோல், பழைய பேப்பர் என்று கிடைத்ததை மூட்டி, நாலைந்து பேர் பறையின் முகத்தை அனலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே இடத்தில் பிடிக்கக்கூடாது, சட்டியில் எதையோ வறுப்பதுபோலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் "டொப்" என்று நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கேட்கும். கொஞ்ச நேரத்தில் "டம்". அப்புறம் ஒரு கட்டத்தில் திடீரென்று "டங்" என்று உலோகம் மாதிரி தெறிக்கும், அங்கே எடுத்துவிட வேண்டும். சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். "டங்" வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் கூர்மை ஏறட்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டென்று ஒரு சத்தம். விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பசை விட்டு எழும்பி நின்றது. ஆசான் திட்டவில்லை. "இன்னிக்கு நீ கால் மட்டும் ஆடு" என்றார். இருநூறு பேர் முன்னால் வெறுங்கையோடு ஆடினேன். அதற்குப் பிறகு எந்தப் பறையையும் நான் கருக்கியதில்லை.

வீட்டில் தோல் பறை வைத்திருந்தால் துணிப்பையில் போட்டுக் காற்றாடத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு பறை அப்படித்தான் விரிசல் விட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு என்னிடம் மலிவான வழி இருக்கிறது: பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற எக்ஸாம் பேட். அதன்மேல் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டு, கிளிப் மேலே வருகிற மாதிரி இடது கக்கத்தில் அணைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பறை பிடிக்கிற நிலைதான். சிம்பு சுண்ட, அடிக்குச்சி எழும்ப எல்லாவற்றுக்கும் போதும். கீழ்வீட்டுக்குக் கேட்பது உங்கள் கால் சத்தம் மட்டும்தான். அதற்கு ஒரு பாயை விரித்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது நிமிடம் இப்படி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் அடித்துவிட்டு வாரம் முழுக்கத் தொடாதவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அசல் பறையை அடிக்க மொட்டை மாடி சரிப்படாது, சத்தம் தெரு தாண்டும். கடற்கரையோ மைதானமோ பாருங்கள். அதோடு, வரிசையில் நிற்கும்போது காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். எட்டு பறை சேர்ந்து அடிக்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் இரவு படுத்த பிறகும் காதுக்குள் ரீங்காரம் கேட்கும். நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

வீடியோ பார்த்துக் கற்கலாமா? கேட்பதற்கு வீடியோ அருமை. ஆறு எண்ணிக்கை எங்கே விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிடியையும் காலையும் அதில் கற்காதீர்கள். எதிரே நிற்கிறவரைப் பார்த்துச் செய்யும்போது இடம் வலம் மாறிப்போகும், கண்ணாடி மாதிரி திருப்பிப் பதிவு செய்திருக்கிறார்களா என்பதும் தெரியாது. அதைவிட முக்கியம், பறை கூட்டமாக வாசிக்கிற கருவி. முன்னால் நிற்கிறவர் தோளைக் குலுக்கினாலோ குரல் கொடுத்தாலோ அடி மாறும், அந்த ஒரு நொடியில் வரிசை முழுக்க மாற வேண்டும். அதைத் தனியாக அறைக்குள் உட்கார்ந்து பழக வழியே இல்லை. இன்னொன்று, ஈழத்து வீடியோக்களைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். மட்டக்களப்புப் பக்கம் பறைமேளம் என்றால் இரண்டு முகமும் அடிக்கிற உருளைக் கருவி. பெயர்தான் ஒன்று, பிடியும் வாசிப்பும் வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தப்பாட்டம் என்று வருவது மட்டும் நம் வட்டப் பறைதான்.

ஆசான் தேடுவது இன்றைக்கு அவ்வளவு கஷ்டமில்லை. சென்னையில் புத்தர் கலைக்குழு, கோவையில் நிமிர்வு கலையகம் போன்றவர்கள் பல வருடங்களாகப் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்களைக் கொண்டே பறையாட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. அரசின் கலை பண்பாட்டுத் துறையும் பல மாவட்டங்களில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி நடத்துகிறது. எங்கே போனாலும் சேருவதற்கு முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளே எல்லார் கையிலும் பறையைக் கொடுத்து "அடிங்க, அடிங்க" என்று உசுப்பேற்றி, வீடியோ எடுத்துப் போடுகிற இடமாக இருந்தால் வந்துவிடுங்கள். ஐந்து நாளில் சான்றிதழ் என்று சொல்கிற இடத்துக்கும் அதேதான். நான் அப்படி ஒரு பட்டறைக்குத்தான் முதலில் போனேன், சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. அங்கே பழகிய பிடியை மாற்ற எட்டு மாதம் ஆனது.

சரி, நீங்கள் தயங்கிக் கேட்ட கேள்வி.

நானும் அந்தச் சமூகத்தில் பிறந்தவன் இல்லை. முதன்முதலாகக் குழுவின் பறையை ஓரிரவு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் அம்மா வாசலிலேயே மறித்தார். "அதை அங்கியே வெச்சிட்டு வா, மாட்டுத்தோலு." எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்து மிருதங்கம் ஒன்று குங்குமப் பொட்டோடு இருக்கிறது. அதிலும் மாட்டுத்தோல் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை, வழியும் விடவில்லை. அன்று இரவு பறை மாடிப்படிக்குக் கீழே செருப்புகளோடு கிடந்தது. பறையை வாசலிலேயே நிறுத்தியது தோல் இல்லை, அதைத் தொடுகிறவர்களின் சாதி. இது புரிந்த பிறகுதான் நான் எதைக் கற்கப் போயிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

விழா மேடைகளில் "ஆதித் தமிழன் இசை" என்று சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொய் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கு நிலம் வேறு வேறு. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று ஒரே ஊரின் இரண்டு சத்தத்தையும் புறநானூற்றின் 194ஆம் பாட்டு சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் பேச்சுவழக்கு. ஆனால் இந்தப் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போவது வசதியான வேலை. நடுவில் பல நூறு வருடம் இதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் விரும்பி வாசித்தார்களா, இழவு வீட்டுக்குக் கூப்பிட்ட குரலுக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்களா? இழிவு என்று சொல்லிப் பறையைத் தூக்கி எறிந்தவர்களும், இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்டவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் கருவி என்று திரும்பக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆசான் இதில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே தொடலாமா என்றால், தாராளமாகத் தொடலாம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்படிப்பட்ட ஆசான்கள் கேட்டு வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது இரண்டே நடைமுறை விஷயம்.

ஒன்று, அடியின், அதாவது நீங்கள் வாசிக்கிற தாளக்கட்டின், பெயரையும் இடத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி, டப்பா அடி, சினிமா அடி என்று பெயர்கள் நிறைய உண்டு, ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. சாவு வீட்டு அடிதான் கேட்க அட்டகாசமாக இருக்கிறது என்று புதியவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் ஆசான் அதைக் கடைசியில்தான் சொல்லித் தருவார், சிலருக்குச் சொல்லித் தரவே மாட்டார். காரணத்தைக் கேட்டபோது தன் அப்பா மழையில் நின்றபடி விடிய விடிய வாசித்துவிட்டு, சாப்பாட்டை இலையோடு வெளியே வாங்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டு, ஓசியில் வாசிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் குடியிருப்புச் சங்கமே வரும். "சார், நீங்கதான் வாசிப்பீங்களே, பொங்கலுக்குச் சும்மா ஒரு பத்து நிமிஷம்." உங்களுக்கு அது பெருமை. அந்தப் பத்து நிமிடம், பொங்கலையும் கோயில் கொடையையும் நம்பி வருடத்தை ஓட்டுகிற ஒரு குழுவுக்குப் போயிருக்க வேண்டிய கூலி. குழுவைக் கூப்பிடச் சொல்லுங்கள், வரிசையின் ஓரத்தில் நீங்களும் நின்று வாசியுங்கள். ஆசானுக்கு மாதக் கட்டணம் தருகிறபோதும், கித்தார் வகுப்புக்குப் பேரம் பேசாத ஆள் இங்கே பேசாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். நான் பார்த்தவரையில், ஒழுங்காக வருகிறவருக்கு முதல் மாதம் வாயும் காலும், மூன்றாம் மாதம் முடிய மூன்று நான்கு அடி, ஆறாம் மாதம் வரிசையின் பின்பக்கம் ஓர் இடம். அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு நாள் உங்கள் பறைச் சத்தமே உங்களுக்குக் கேட்காது. பதறி இன்னும் ஓங்கி அடிப்பீர்கள், நான் அப்படித்தான் செய்தேன். பக்கத்திலிருந்த அக்கா அடித்துக்கொண்டே குனிந்து காதில் சொன்னார்: "தம்பி, தனியா கேக்கலன்னா நீ சரியா அடிக்கிறன்னு அர்த்தம்."

வருகிற ஞாயிறு ஏதாவது ஒரு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், வியர்வைக்கு ஒரு துண்டு, காதுக்குப் பஞ்சு போதும். திரும்பும்போது பழகிப் பார்க்கக் குச்சி கடன் கேளுங்கள், கொடுப்பார்கள். இரண்டையும் நீட்டினால் நீளமானதை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.